புன்னைக்காயலில் 53 வருஷம்: ஒரு வெளிநாட்டுக்காரரின் வரவு செலவு

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.)

இந்த எபிசோடை ஒரு எக்செல் ஷீட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீங்க, சாஃப்ட்வேர்காரன் வேற எங்க இருந்து ஆரம்பிப்பான்?

போன மாசம் எனக்கு சிங்கப்பூர்ல ஒரு வேலைக்கு ஆஃபர் வந்துச்சு. பதில் சொல்ல இரண்டு வாரம் டைம். நானும் எல்லாரையும் போல ஷீட்டைத் திறந்து, இடது பக்கம் பிளஸ், வலது பக்கம் மைனஸ்னு போட்டேன். சம்பளம், பிளஸ். வாடகை, மைனஸ். ஊரைச் சுத்திக் கடல், நம்ம ஊர் மாதிரியே வெயில், மழை, தமிழ்ப் பலகை, தோசை, எல்லாம் பிளஸ். அம்மா பாளையங்கோட்டையில தனியா இருப்பாங்க, மைனஸ். அந்த ஒரு வரிக்கு எத்தனை மார்க் போடுறதுன்னு தெரியாம அங்கேயே நின்னுட்டேன்.

அப்பதான் ஒரு யோசனை. வெப்பமான கடற்கரை ஊருக்கு வெளிநாட்டுல இருந்து பிழைக்க வந்து, அங்கேயே தங்கினவங்க கதை நம்ம தாமிரபரணி முகத்துவாரத்துலயே நூற்றாண்டுக் கணக்கா இருக்கே. நாம போறதைப் பத்தியே பேசுறோம். இங்க வந்தவங்களோட பிளஸ் மைனஸ் என்னவா இருந்துச்சு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில பைக்கை எடுத்தேன். பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், ஏரல், முக்காணி, ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர்போன அந்த ஆத்தூர்தான். அங்க இருந்து கிழக்கே திரும்பினா உப்பளம், அப்புறம் புன்னைக்காயல். பொதிகையில பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி வர்ற ஆறு கடல்ல சேர்ற இடம். 1986-ல தூத்துக்குடி மாவட்டம் பிரியற வரைக்கும் இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான்.

துறைமுகமே இடம் மாறின ஊர்

முதல்ல ஒரு விஷயம். இந்த முகத்துவாரத்துல துறைமுகம் ஒரே இடத்துல இருந்ததே இல்ல. சங்க காலத்துல கொற்கை. பாண்டியர் முத்து அங்க இருந்துதான் போச்சு. ஆறு கொண்டு வந்த வண்டல் சேரச் சேர, கடல் தள்ளிப் போச்சு. இன்னைக்குக் கொற்கையில நின்னா கடல் தெரியாது, வயலும் வாழையும்தான். அப்புறம் காயல், அதாவது இப்போதைய பழையகாயல் பக்கம். அதுவும் மண் மூடிப் போனதும் புன்னைக்காயல். அப்புறம் தூத்துக்குடி.

காயல் பெரிய துறைமுகமா இருந்த காலத்துலதான் மார்க்கோ போலோ வந்தார். 1290-கள். சீனாவுல இருந்து ஊர் திரும்பற வழியில. ஹோர்முஸ், ஏடன், அரேபியக் கரைகள்ல இருந்து வர்ற கப்பல் எல்லாம் குதிரையோட இங்கதான் நிக்கும்னு எழுதியிருக்கார். நாம ஊர்ல சின்ன வயசுல இருந்து பார்த்து, கவனிக்காம விட்டதை எல்லாம் அவர் ஆச்சரியமா எழுதுறார். இவங்க பாத்திரத்துல உதடு படாம அண்ணாந்து தண்ணி குடிக்கிறாங்க. தினமும் குளிக்கிறாங்க. ராஜாவே தரையில உட்கார்றார்.

அவர் எழுதினதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது குதிரைங்க கதை. பாண்டிய அரசு ஆண்டுக்கு ஆயிரக்கணக்குல குதிரை வாங்குது. வருஷம் முடியறதுக்குள்ள பெரும்பாலானது செத்துப் போகுது. ஏன்னா அதைப் பார்த்துக்கத் தெரிஞ்ச ஆள் இங்க இல்ல, சாப்பாடும் அதுக்கு ஒத்துக்கல. வியாபாரிங்க குதிரையைக் கொண்டு வருவாங்க, குதிரை வைத்தியம் தெரிஞ்சவனைக் கொண்டு வர மாட்டாங்களாம். வந்துட்டா அடுத்த வருஷம் விக்க முடியாதே!

வெளியூருக்குப் போற எல்லாருக்கும் இந்தக் குதிரை ஒரு பாடம். விலை நல்லாத்தான் கொடுப்பாங்க. உடம்பு முடியாமப் போனா பார்த்துக்க ஆள் இருக்கான்னு யாரும் முன்கூட்டிக் கேட்கிறது இல்ல. என் ஷீட்ல அந்த வரி இல்லவே இல்ல. அன்னைக்கு ராத்திரி சேர்த்தேன்.

மார்க்கோ போலோ போயிட்டார். குதிரையோட வந்த அரபு வியாபாரிங்க எல்லாரும் போகல. சிலர் தங்கினாங்க, இங்கேயே கல்யாணம் பண்ணாங்க. பக்கத்துல இருக்கிற காயல்பட்டினத்துல இன்னைக்கும் அந்த வரலாற்றைச் சொல்லுவாங்க. அரபு எழுத்துல தமிழை எழுதினாங்க, அதுக்கு அர்வின்னு பேர். அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமானா மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகணும். வீடு பெண்ணுக்கு. ஆண்கள் இலங்கைக்கும் ஹாங்காங்குக்கும் ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போயிட்டு வருவாங்க. வீடும் குழந்தைகளும் பெண்ணோட பிறந்த வீட்டுச் சொந்தங்களுக்கு நடுவுல பத்திரமா இருக்கும். கடல் கடந்து பிழைக்கிற ஒரு சமூகத்துக்கு இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடுன்னு யோசிச்சுப் பாருங்க. போறவனுக்காக இல்ல, இருக்கிறவங்களுக்காகப் போட்ட ஏற்பாடு. நம்ம ஐ.டி. குடும்பங்கள்ல அப்படி ஒரு ஏற்பாடு இருக்கா?

பாஷை தெரியாத சேவியர்

இப்ப போர்த்துகீசியர் காலத்துக்கு வருவோம். 1530-கள்ல முத்துக்குளித்துறையில பரதவர்களுக்கு முத்துக்குளிப்பு உரிமை விஷயமாப் பெரிய சண்டை. பாதுகாப்புக்குப் போர்த்துகீசியரை அணுகினாங்க. 1535-க்கும் 1537-க்கும் இடையில கூட்டம் கூட்டமா ஞானஸ்நானம் பெற்றாங்க. ஞானஸ்நானம் கொடுத்தாச்சு, ஆனா அவங்க பாஷை தெரிஞ்ச ஒரு பாதிரியாரும் இல்ல.

1542-ல பிரான்சிஸ் சேவியர் வந்தார். பெரிய புனிதர், எல்லாருக்கும் தெரியும். ஆனா அவருக்குத் தமிழ் வராது. ஜெபங்களைத் தமிழ்ல எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணி, கையில மணி அடிச்சுக்கிட்டு தெருத்தெருவா நடந்து சொல்லிக் கொடுத்தார். 1544-ல தன் தோழர் மன்சிலாசுக்கு எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் உடம்பு சரியில்லாம வேற ஊர்ல படுத்துட்டார். இவர் தனியா. அவங்க பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவங்களுக்குப் புரியல, என் பிழைப்பை நீயே நினைச்சுப் பார்த்துக்கோங்கிற தொனியில எழுதுறார். சுற்றி ஊரே மதிக்குது. ஆனா ஒரு வார்த்தை பேச ஆள் இல்ல. வெளிநாட்டுல முதல் மாசம் இருந்த யாருக்கும் இது புரியும்.

சேவியர் 1545-ல மலாக்காவுக்குப் போயிட்டார். இரண்டு வருஷம் கழிச்சு, 1547-ல வந்தவர்தான் இன்னைய எபிசோடோட நாயகர். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழ்ல அண்டிரிக் அடிகளார்னும் எழுதுவாங்க. வரும்போது வயசு 27. எனக்கு இப்ப 28.

ஊர்ல ஒரு கேள்வி

ஹென்றிக்கஸ் 1520-ல போர்ச்சுகல்ல விலா விசோசாங்கிற ஊர்ல பிறந்தவர். கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்துல படிச்சவர். முன்னோர் யூதர்கள், கிறிஸ்தவத்துக்கு மாறினவங்க. அங்க அவங்களுக்குன்னு ஒரு பேர் உண்டு, ‘புதுக் கிறிஸ்தவர்கள்’. பேர்லேயே குத்தல் இருக்கு பாருங்க. நீ எத்தனை தலைமுறையா கும்பிட்டாலும் புதுசுதான். ஹென்றிக்கசுக்கு 16 வயசு ஆகும்போது, 1536-ல, போர்ச்சுகல்ல மத விசாரணை மன்றம் வந்துச்சு. அப்புறம் அந்த வம்சத்துல பிறந்தவங்க மேல எப்பவும் ஒரு சந்தேகக் கண்.

அவர் முதல்ல பிரான்சிஸ்கன் சபையில சேர்ந்தார். ரத்தம் சுத்தமில்லைன்னு வெளியே அனுப்பிட்டாங்க. அப்புறம் 1545-ல இயேசு சபையில சேர்ந்தார். அங்கேயும் இந்தக் கேள்வி பின்னாடியே வந்துச்சு. ரோம்ல இருந்து விசேஷ அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் கப்பல் ஏறி கோவா, அங்க இருந்து முத்துக்குளித்துறை.

இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் படிக்கிறதை நிறுத்திட்டேன். ஏன்னா நம்ம ஜில்லாவுல இந்தக் கேள்விக்கு ஒரு வடிவம் இருக்கு. புது ஆளைப் பார்த்ததும் ஊர் கேட்பாங்க, அப்பா பேர் கேட்பாங்க, எந்தத் தெருன்னு கேட்பாங்க. இதுல எல்லாம் பதில் சிக்கலைன்னா நேரடியாவே, “நீங்க என்ன ஆளுங்க?” காலேஜ் முதல் நாள் ஹாஸ்டல்ல என்னைக் கேட்டாங்க. சென்னையில முதல் வாடகை வீட்டுக்குப் போனப்ப வேற வார்த்தையில கேட்டாங்க. சிங்கப்பூர் ஆஃபர் வந்ததும் என் மனசுல முதல்ல தோணின பிளஸ் சம்பளம் இல்ல. அங்க இந்தக் கேள்வி இருக்காதுங்கிறதுதான். ஆனா அதை நான் ஷீட்ல எழுதல. எழுதக் கூச்சம்.

ஹென்றிக்கசுக்கும் அது ஒரு காரணமா இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல. அவர் போனது வேதத்துக்காக. ஆனா பலன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? வேம்பார்லயும் புன்னைக்காயல்லயும் அவரைப் பார்த்து, “உன் பாட்டன் யூதனா?”ன்னு கேட்க யாருக்கும் தோணாது. அந்தப் பேர் கரையில இறங்கினதும் உதிர்ந்துடுச்சு.

ஆனா இன்னொரு பேர் ஒட்டிக்கிச்சு. பறங்கி. வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்ம ஊர்ல வெச்ச பேர். அதுக்கும் ஒரு தகுதி, ஒரு தள்ளிவைப்பு எல்லாம் இருந்துச்சு. 1606-ல மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி, நான் பறங்கி இல்லைன்னு காட்டுறதுக்காகவே உடை, சாப்பாடு எல்லாத்தையும் மாத்தினார். ஆக, கடல் கடந்தா பழைய முத்திரை போகும், புது முத்திரை குத்துவாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு நண்பன்கிட்ட கேட்டேன். “இங்க ஒருத்தனும் உன் தெருவைக் கேட்க மாட்டான்ல. ஆனா வீடு தேடும்போது சில ஓனருங்க இந்தியர்னதும் போனை வெச்சிருவாங்க”ன்னான். ஒரே வரி, பிளஸ்லயும் இருக்கு, மைனஸ்லயும் இருக்கு.

அவர் சம்பாதிச்சது

ஹென்றிக்கஸ் வந்ததும் செஞ்ச முதல் வேலை, மொழிபெயர்ப்பாளரை நம்பாம தானே தமிழ் படிச்சது. முதல்ல உட்கார்ந்து வினைச்சொல், வேற்றுமைன்னு லத்தீன் இலக்கணம் மாதிரி பிரிச்சுப் பிரிச்சு எழுதினார். ஒரு கோட் பேஸை முதல் தடவை பார்க்கிறவன் டாக்குமென்டேஷன் எழுதிக்கிட்டே படிக்கிற மாதிரி. 1548-லயே ரோமுக்கு, லொயோலா இக்னேஷியசுக்கு, தான் தமிழ் கத்துக்கிட்டதைப் பற்றிக் கடிதம் எழுதுறார். அவர் எழுதின தமிழ் இலக்கணத்தோட கையெழுத்துப் பிரதி இன்னைக்கும் லிஸ்பன் தேசிய நூலகத்துல இருக்கு. 2013-ல ஜீன் ஹெய்னும் தமிழறிஞர் வி. எஸ். ராஜமும் அதை ஆங்கிலத்துல கொண்டு வந்தாங்க.

இலக்கணத்தைவிட எனக்கு முக்கியமாப் படுறது, அவர் பேச்சுத் தமிழைக் கேட்டு எழுதினார்ங்கிறதுதான். கரையில மீன் விக்கிறவங்க, முத்துக்குளிக்கிறவங்க பேசுற தமிழ். நம்ம புலவர்கள் எழுதத் தகுதியில்லைன்னு விட்ட தமிழ். வெளியாள் காதுக்கு எது உயர்ந்த தமிழ், எது தாழ்ந்த தமிழ்னு தெரியாது. எல்லாத்தையும் சமமாக் கேட்கும். நானூத்தி எழுபது வருஷத்துக்கு முந்தி நம்ம கடற்கரையில எப்படிப் பேசினாங்கன்னு தெரிஞ்சுக்க, அந்த நோட்டுப் புத்தகம்தான் நமக்கு வழி.

புன்னைக்காயல்ல ஆஸ்பத்திரி ஒண்ணு தொடங்கினார். 1578-ல, அக்டோபர் 20-ஆம் தேதி, கொல்லத்துல அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் மொழிபெயர்த்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒண்ணு தன் சொந்த எழுத்துல இந்தியாவுல அச்சான முதல் புத்தகம். அதுக்குப் பணம் கொடுத்தது முத்துக்குளித்துறை மக்கள். அடுத்த வருஷம் கொச்சியில ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586-ல 600 பக்கத்துக்கு மேல ‘அடியார் வரலாறு’.

இது அவரோட பிளஸ் பக்கம். போர்ச்சுகல்ல இருந்திருந்தா, விசேஷ அனுமதியில உள்ள வந்த ஒரு பாதிரியார். இங்க, ஒரு மொழியோட முதல் அச்சுக்காரர்.

அவர் கொடுத்தது

மைனஸ் பக்கம் நீளம். முதல்ல உடம்பு. இந்த வெயிலும் தண்ணியும் அவருக்கு ஒத்துக்கல, அடிக்கடி படுத்துக்கிட்டார். அடுத்தது பயம். 1549-ல இந்த மிஷனோட தலைவரா இருந்த அந்தோனியோ கிரிமினாலியை, ராமேஸ்வரம் பக்கம் வேதாளையில, விஜயநகரப் படை கொன்னுடுச்சு. அவர் இடத்துக்கு ஹென்றிக்கஸைத் தேர்ந்தெடுத்தாங்க. 1553-ல புன்னைக்காயலே தாக்கப்பட்டது. அங்க இருந்த போர்த்துகீசியரோட சேர்த்து இவரும் சிறைப்பட்டார். 1560-ல போர்த்துகீசியர் தங்கள் இருப்பையே மன்னாருக்கு மாத்தினாங்க. இவரும் அங்க போய்த் திரும்ப வேண்டியதாச்சு.

மூணாவது, தகவல். ஒரு கேள்வியை எழுதி லிஸ்பனுக்கோ ரோமுக்கோ அனுப்பி பதில் வாங்க ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். கப்பல் காத்து பார்த்துத்தான் வரும். பதில் வர்றதுக்குள்ள கேள்வியே மாறியிருக்கும். நமக்கு வீடியோ கால் இருக்கே, அது வேற காலம்னு நினைக்கலாம். சரிதான். ஆனா அம்மா வீடியோ கால்ல, “நல்லாத்தான் இருக்கேன்”னு சொல்றதுல எவ்வளவு நிஜம்னு கண்டுபிடிக்க எனக்கு சென்னையில இருந்தே ஒரு வாரம் ஆகுது.

நாலாவது விஷயத்தைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். 1593. ஹென்றிக்கசுக்கு 73 வயசு. புன்னைக்காயல் பகுதிக்கு வந்து 46 வருஷம் ஆச்சு. அந்த வருஷம் ரோம்ல கூடின இயேசு சபைப் பொதுச்சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. யூத, முஸ்லிம் முன்னோர் வழி வந்தவங்களை இனிமே சபையில சேர்க்கக் கூடாது. அதாவது இவரை மாதிரி ஒருத்தர் அன்னைக்குக் கதவைத் தட்டியிருந்தா, உள்ள விட்டிருக்க மாட்டாங்க. ஊர்ல உதறிட்டு வந்தோம்னு நினைச்ச அந்தக் கேள்வி, அங்க அவர் இல்லாத நேரத்துல வளர்ந்து, சட்டமாவே ஆயிடுச்சு.

வெளிநாட்டுல இருக்கிறவங்க செய்யற ஒரு தப்புக் கணக்கு இதுல தெரியுது. விட்டுட்டு வந்த ஊர், விட்ட நிலையிலேயே இருக்கும்னு நினைக்கிறோம். அது நம்மளைக் கேட்காம மாறிக்கிட்டே இருக்கு. அதை மாத்தறதுக்குக் குரல் கொடுக்கிற இடத்துல நாம இல்ல. கேள்வியில இருந்து தப்பிக்கப் போறவன், கேள்வியை அங்க மிச்சம் இருக்கிறவங்க தலையில விட்டுட்டுப் போறான். இதை எழுதும்போது எனக்கு என் தங்கச்சிதான் ஞாபகம் வந்தா. அவ திருநெல்வேலியிலதான் வீடு தேடப் போறா.

ஹென்றிக்கஸ் போர்ச்சுகலுக்குத் திரும்பவே இல்ல. 1600-ல புன்னைக்காயல்ல இறந்தார். தூத்துக்குடியில அடக்கம் பண்ணாங்க. இங்க வந்து 53 வருஷம்.

எதிர்ப்பக்கம் போன மூணு பேர்

சமநிலைக்கு ஒரு விஷயம் சொல்லணும். அதே காலத்துல இங்க இருந்து அங்க போனவங்களும் உண்டு. 1554-ல லிஸ்பன்ல ஒரு ஜெபப் புத்தகம் அச்சாச்சு. தமிழ் ஜெபங்கள், ரோமன் எழுத்துல, போர்த்துகீசிய விளக்கத்தோட. அச்சுல ஏறின முதல் தமிழ் அதுதான். அதைச் செய்தவங்க மூணு தமிழர்கள். வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா குரூஸ். புத்தகத்துல இருக்கிறது இந்தப் பேர்கள்தான், அம்மா அப்பா வெச்ச பேர் இல்ல.

ஹென்றிக்கஸ் இங்க ஐம்பது வருஷம் இருந்தும் ஹென்றிக்கசாவே இருந்தார். இந்த மூணு பேர் லிஸ்பன்ல நிக்கும்போது பேரே மாறியாச்சு. யாருக்குப் பின்னாடி கப்பல் படை இருக்கோ, அவங்க பேரை மத்தவங்க சிரமப்பட்டு உச்சரிக்கக் கத்துக்குவாங்க. நாம அமெரிக்க கிளையன்ட் கால்ல பேரைச் சுருக்கிச் சொல்றோமே, அது நேத்து வந்த பழக்கம் இல்ல.

கால்டுவெல் பக்கம் ஒரு பார்வை

கால்டுவெல் இல்லாம திருநெல்வேலி எபிசோட் முடியுமா? ராபர்ட் கால்டுவெல், அயர்லாந்துல 1814-ல பிறந்தவர், 1838-ல சென்னைக்கு வந்தார். நடந்தே தெற்க வந்து, 1841-ல தேரி மணலுக்கு நடுவுல இருக்கிற இடையன்குடியில குடியேறினார். 1856-ல திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். 1881-ல திருநெல்வேலி வரலாறு. மார்க்கோ போலோ சொன்ன காயல் எங்கன்னு தேடி, பழையகாயல்ல சீன, அரபுப் பானை ஓடுகளைப் பொறுக்கினவரும் இவர்தான். 1891-ல கொடைக்கானல்ல இறந்தார். ஆனா உடலை இடையன்குடிக்குத்தான் கொண்டு வந்தாங்க.

அவர் மனைவி எலிசா 1822-ல நாகர்கோவில்லயே பிறந்தவங்க. மிஷனரி மவுல்ட் தம்பதியோட மகள். ஊர்ப் பெண்கள் பேசுற தமிழ் அவங்களுக்குக் கணவரைவிட இயல்பா வரும். இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்க. எலிசாவைப் பத்தி நினைக்கும்போது எனக்கு ஒரு கேள்வி. அவங்க வெளிநாட்டுக்காரியா? பிறந்தது இங்க, வாழ்ந்தது இங்க. நாளைக்கு என் குழந்தை சிங்கப்பூர்ல பிறந்தா அதுக்கும் இதே கேள்விதான். முடிவு எடுக்கிறது ஒரு தலைமுறை, பதில் சொல்றது அடுத்த தலைமுறை.

கால்டுவெல் கணக்குல பெரிய மைனஸும் உண்டு. 1849-ல, தான் வேலை செஞ்ச சமூகத்தைப் பத்தியே மட்டம் தட்டற மாதிரி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படிக்கப் போறவங்க இங்கிலாந்துல இருக்காங்கன்னு நினைச்சு எழுதினது. அவங்க பிள்ளைகளே இங்கிலீஷ் படிச்சு, அதை வாசிச்சுக் கொதிச்சு எழுந்தாங்க. வெளிநாட்டுல இருந்துக்கிட்டு அந்த ஊர்க்காரங்களைப் பத்தி நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எழுதறோமே, அப்ப இந்தப் புத்தகத்தை நினைச்சுக்கணும். எழுதினது ஒரு நாள் அவங்க கைக்குப் போகும்.

முகத்துவாரத்துல

புன்னைக்காயலுக்கே திரும்புவோம். நான் போனப்ப மத்தியானம். வள்ளங்கள் கரையில கிடந்துச்சு. வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்துல உட்கார்ந்தேன். எங்க இருந்து வர்றேன்னு கேட்டார், சொன்னேன். சிங்கப்பூர் கதையையும் சொன்னேன். அவர் மகன் சரக்குக் கப்பல்ல வேலை பார்க்கிறாராம்.

“எட்டு மாசம் கடல்ல, அப்புறம் வீட்டுக்கு வருவான் தம்பி. வந்து மொத ரெண்டு நாளு விருந்தாளி மாரி இருப்பான். தண்ணி வேணும்னாக்கூட கேட்டுக் குடிப்பான். மூணாம் நாளுதான் அவனே பானையில மோந்து குடிப்பான். அப்பதான் எம்மவன் வந்துட்டான்னு இருக்கும்.”

“அண்ணாச்சி, அவர் திரும்பிப் போகும்போது என்ன சொல்லிட்டுப் போவார்?”

“தேதி சொல்லிட்டுப் போவான். காலண்டர்ல அவனே வட்டம் போட்டுட்டுப் போவான். தள்ளிப் போறது உண்டு. ஆனா வட்டம் இருக்கணும்லா?”

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷீட்டைத் திறந்தேன். மார்க்கை எல்லாம் அழிச்சேன். ‘யாரும் சாதி கேட்க மாட்டாங்க’ன்னு பிளஸ் பக்கம் முதல் வரியா எழுதினேன். அதுக்கு நேரா மைனஸ் பக்கம், ‘தங்கச்சியைக் கேட்பாங்க, நான் பக்கத்துல இருக்க மாட்டேன்’னு எழுதினேன். உடம்பு முடியலைன்னா யார், அம்மாவுக்கு முடியலைன்னா யார், இரண்டு வரி. ஒவ்வொண்ணுக்கும் ஆள் பேர் போட்டேன். அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா, பெரியம்மா மகன். ஒவ்வொருத்தரையும் போன்ல கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் போட்டேன்.

அப்புறம் அம்மாகிட்ட சொன்னேன். அவங்க இட்லிக்கு மாவு ஆட்டிக்கிட்டே, “போறதுன்னா போ. எப்பம் வருவன்னு மட்டும் சொல்லிட்டுப் போ”ன்னாங்க.

“ரெண்டு வருஷம்மா.”

“ரெண்டு வருஷம்னு எல்லாரும்தான் சொல்லுதாங்க. தேதி சொல்லுல.”

ஆஃபருக்குச் சரின்னு மெயில் போட்டுட்டேன். தேதியும் சொல்லிட்டேன். அடுப்படியில மாட்டியிருக்கிற காலண்டர்ல அந்த வருஷம் இன்னும் வரல. அதனால அம்மா அதைக் காலண்டருக்குப் பின்பக்கம் பேனாவால எழுதி வெச்சிருக்காங்க. ஹென்றிக்கஸ் மாதிரி 53 வருஷம் இருக்கிற அளவுக்கு எனக்குப் பெரிய வேலை எதுவும் இல்ல. நான் திரும்பி வரலைன்னா, இந்த எபிசோடை எனக்கே லிங்க் அனுப்பி ஞாபகப்படுத்துங்க.

உங்க வீட்டுல யாராவது கடல் கடந்து போய் வந்திருந்தா, அவங்க எந்த வரியை எழுத மறந்தாங்கன்னு கேட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட் கொற்கைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் இடையில. அது இங்க இருந்துதான் ரெக்கார்டிங். அதுக்கு அடுத்தது எங்க இருந்துன்னு பார்ப்போம்.